கொட்டாவி விட்ட போஸ்டர்

அந்தப் படத்தில் நான் ஊரையே கூப்பிட்டுக் கத்துகிறேன் என்றுதான் பார்த்த எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். என் மருமகள் ரஷ்யாவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள்.

வோபர்ன் என்ற பகுதியில் நான் குடியிருக்கும் வாடகைக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்ற கதை அந்தக் குளிர்காலத்தில்தான் உறுதியானது. பழைய கட்டடம். எலிவேற்றர் முக்கி முனகித்தான் மேலே வரும். மழை பெய்தால் குளியலறைக் கூரையில் இந்தியா இலங்கை எல்லாம் தெரியும். ஆனால் வீதியைக் கடந்தால் தமிழ்க்கடை, பஸ் நிறுத்தம், டொக்டர். என் நான்காம் மாடி பல்கனியில் நின்றால் யார் யாருடன் என்ன வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பது முழுக்கத் தெரியும். இந்த வசதியை எந்தப் புதுக் கட்டடம் தரும்?

கட்டடத்துக்குச் சொந்தக்காரக் கொம்பனியின் ஆட்கள் கதவு கதவாகத் தட்டி, நாங்களாகவே விரும்பிப் போகிறோம் என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். பல்லைக் காட்டிக்கொண்டே கேட்டார்கள். ஒரு வீட்டுக்காரர் கையெழுத்து வைத்தால் அடுத்த வீட்டுக்காரருக்கு நெஞ்சு இடிக்கத் தொடங்கும். காலையில் நான் பல்கனிக்கு வந்தால் சாமான் ஏற்றும் லொறி நிற்கும். போனவர்களின் யன்னல்களுக்குள் மட்டைப் பலகை அடித்து மூடினார்கள். வெளியில் நின்று பார்த்தால் எங்கள் கட்டடம் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு வந்தது.

கட்டடம் போனால் நான் நகரத்துக்கு வெளியே யூனியன்வில்லுக்குப் போகவேண்டும். மகனும் மருமகளும் அங்கேதான் இருக்கிறார்கள். பெரிய வீடு. கார் இல்லாமல் ஒரு நெட்டுக் கறிவேப்பிலைகூட வாங்க முடியாத இடம். "எங்களோடை வந்து இருங்கோ மாமி" என்று மருமகள் கூப்பிடாத கிழமை இல்லை. ஆனால் இந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற அவள் ஓடித்திரிந்த வேகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று எனக்கு விளங்கியது.

அவள்தான் அலைந்து திரிந்து எங்கள் பகுதிக் கவுன்சிலரைச் சம்மதிக்க வைத்தாள். சனிக்கிழமை பின்னேரம் கட்டடத்தின் கீழ்த்தள ஹோலுக்கு அந்த மனுசி வருவதாகச் சொன்னாள். ஆனால் கவுன்சிலர் ஒரு நிபந்தனையும் போட்டாளாம். ஆட்கள் வந்தால் அவர்களுக்காக நகரசபையில் பேசுவாள். வெறும் கதிரைகளுக்காகப் பேசமாட்டாள்.

அங்கேதான் சிக்கல். கட்டடத்தில் பாதிக்கு மேல் எங்கள் சனம். முதல் வைத்த கூட்டத்துக்கு எங்கள் சனத்தில் வந்தது நான் மட்டும். மற்றபடி இரண்டு பிலிப்பினோப் பெண்களும் கயானாக்காரக் கிழவர் ஒருவரும் வந்தார்கள். கிழவர் சூடாக இருக்கும் என்று வந்தவர். வந்ததும் நித்திரையாகிவிட்டார்.

"போஸ்டர் அடிக்கவேணும் மாமி," என்றாள் மருமகள். அவள் வேலையே அதுதான், கொம்பியூட்டரில் படம் வடிவமைப்பது. என் குசினி மேசையில் கொம்பியூட்டரை விரித்து, பழைய ரஷ்யப் போஸ்டர்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்தப் பாணிக்குக் கட்டுமானவாதம் என்று பெயராம். இடிக்க வருகிறவனுக்கு எதிராகக் கட்டுகிறவன் படம், பொருத்தம்தான் என்று நினைத்தேன்.

"நூறு வருசத்துக்கு முந்திச் செய்தது மாமி. இண்டைக்கும் கத்துது பாருங்கோ."

"ஓம், காது அடைக்குது."

"எழுத வாசிக்கத் தெரியாத சனத்துக்கும் விளங்கவேணும் எண்டு செய்தவை. உங்களைப்போல ஆக்களுக்கு."

"நான் அஞ்சாம் வகுப்பு பாஸ். ரஷ்யாவிலை எண்டால் எனக்கு வாத்தியார் வேலை தந்திருப்பாங்கள்."

அவள் விடவில்லை. நேராக நிற்கும் எழுத்து நித்திரை கொள்ளுமாம், சரித்து வைத்தால் எழும்பி ஓடுமாம். சிவப்பு, கறுப்பு, கடதாசியின் வெள்ளை, அவ்வளவுதான் நிறம். ஆளைக் கையால் வரைவதில்லை. உண்மையான போட்டோவை வெட்டி ஒட்டுவார்கள், போட்டோ என்றால் சனம் நம்பும். "அலங்காரத்துக்கெண்டு ஒரு கோடும் இல்லை மாமி. ஒவ்வொரு கோடும் வேலை செய்யவேணும்."

"உதை உன்ர புருசனுக்கும் ஒருக்காச் சொல்லு."

முதலில் அந்தப் போஸ்டர்கள் சனத்தைப் படிக்கச் சொன்னவையாம், பிறகு அதே சிவப்பையும் அதே சரிவையும் வைத்துச் சனத்தை வாய் பொத்தி இருக்கச் சொன்னவையாம். அந்த இடத்தில்தான் எனக்குக் கொட்டாவி வந்தது. அவள் போனைத் தூக்கிக் கிளிக் என்று எடுத்தாள்.

அந்தக் கிழமையே சுருள் சுருளாகப் போஸ்டர்களைக் கொண்டுவந்து விரித்தாள். நான் திகைத்துப் போனேன். கறுப்பு வெள்ளையில் என் தலை, ஒரு தாம்பாளத்தளவு அகலம். வாய் ஒரு கிணறு. அந்த வாயிலிருந்து சிவப்பு முக்கோணம் ஒன்று சரிந்து விரிந்து கொண்டு போனது. அதற்குள் 'போகமாட்டோம்!' கீழே தமிழிலும் இங்கிலீசிலும் கூட்டம் நடக்கும் நேரம். நித்திரைக் கலக்கத்தில் சுருங்கிய என் நெற்றி, கொலைகாரக் கோபமாக மாறியிருந்தது.

"நான் இவ்வளவு கோவக்காரியோ?"

"அது கோணம் மாமி. படம் உண்மை. சரிவுதான் வேலையைச் செய்யுது."

"படமும் பொய்தானே. கொட்டாவி எல்லோ."

"அதை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

கொம்பனியும் சும்மா இருக்கவில்லை. லொபியில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு படம் மாட்டினார்கள். நீல வானம், பச்சை மரம், வெள்ளைத் தலைமுடியோடு ஒரு சோடி இலைகுழையைச் சாப்பிட்டுச் சிரிக்கிறது. 'உங்கள் புதிய நாளை' என்று ஏதோ எழுதியிருந்தது. அந்த வயதில் அப்படிப் பல்லு யாருக்கு இருக்கிறது? அந்தப் படம் கத்தவில்லை, சரியவும் இல்லை. சிரித்துக்கொண்டு நேராக நின்றது. எனக்கு அதைப் பார்க்கத்தான் பயம் வந்தது.

நாங்கள் எங்கள் போஸ்டர்களை லொபியிலும், உடுப்புத் தோய்க்கும் அறையிலும், ஒவ்வொரு மாடியிலும் எலிவேற்றருக்குப் பக்கத்திலும் ஒட்டினோம். அடுத்த நாள் காலை மேல்மாடிகளில் ஒன்றையும் காணவில்லை. திரும்ப ஒட்டினோம். திரும்பக் காணவில்லை.

அதைவிட இன்னொன்று எனக்கு இடித்தது. கீழே மிஞ்சியிருந்த போஸ்டர்களுக்குக் கிட்ட எங்கள் சனம் ஒருவரும் நிற்கவில்லை. எலிவேற்றர் திறந்ததும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தார்கள். என்னைக் கண்டால் ஒரு பகிடி விடாமல் போகாத இரண்டாம் மாடி அங்கிள் படியால் போகத் தொடங்கினார். உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு பெண் என்னைக் கண்டு திடுக்கிட்டு, "சுகமா இருக்கிறியளோ அன்ரி?" என்று என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. எல்லோரும் கள்ளமாகக் கையெழுத்து வைத்துவிட்டார்கள், என் முகத்தைப் பார்க்க வெட்கம் என்று நினைத்தேன். அந்த நாட்களில் நான் ஒருவரையும் நம்பவில்லை. லொறிச் சத்தம் கேட்டால் யாருடைய கட்டில் இறங்குகிறது என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

வியாழக்கிழமை, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். தான் கழற்றவில்லை என்று சத்தியம் பண்ணினார். கமெராவில் ஆளைப் பார்த்தாராம். ஆறாம் மாடியில் இருக்கும் எங்கள் ஆள்தானாம்.

ஆறாம் மாடிக்காரி வன்னிப் பக்கம். பேக்கரியில் பாண் அடுக்கும் வேலை. அதிகம் பேசமாட்டாள். நானும் அவளும் ஒரே நாளில்தான் உடுப்புத் தோய்ப்போம். என் கதைகளுக்குச் சத்தமில்லாமல் சிரிக்கும் ஒரே ஆள். மருமகளுக்குப் போனில் சொன்னதும் அவள் கொதித்தாள்.

"அவ கொம்பனியின்ர ஆளாயிட்டா மாமி. நான் வாட்ஸ்அப் குரூப்பிலை பேரைப் போடப்போறன். எல்லாருக்கும் தெரியட்டும்."

"பொறு பிள்ளை. முதல் நான் போய்க் கேக்கிறன்."

"நீங்கள் போய்ப் பகிடி விட்டுட்டு வருவியள்."

"பகிடி விட்டால் ஆரும் செத்திருக்கினமோ?"

ஆறாம் மாடிக்குப் போய்த் தட்டினேன். அவள் கதவைத் திறந்தாள். திறந்ததும் என் முகத்தை, ஏதோ எண்ணிப் பார்ப்பதுபோல, நெற்றி, மூக்கு, வாய் என்று பார்த்தாள். வாங்கோ என்று சொல்லவில்லை. நானாகவே உள்ளே போய் இருந்தேன். ரீ வேணுமா என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் சனத்தில் ஒருவர் ரீ கேட்காவிட்டால் அது சின்ன விசயம் இல்லை.

"என்ன, என்ர முகம் அவ்வளவு வடிவில்லையோ? கழட்டிக் கழட்டிக் கொண்டு வாறியளாம்."

அவள் சிரிக்கவில்லை. அறைக்குள் போய் மெத்தையின் ஒரு பக்கத்தை உயர்த்தினாள். எல்லாம் அங்கே இருந்தன. முகம் கீழே பார்க்க, ஒன்றின்மேல் ஒன்று, நடுவில் தோய்த்த துணி விரித்து. ஒன்றும் கிழியவில்லை. நான்கு மூலையும் முழுசாக இருந்தன. ஒட்டிய நாடாவை நகத்தால் பொறுமையாக உரித்திருக்கிறாள்.

"கிழிக்க மனம் வரேல்லை அன்ரி. குப்பையிலை போடவும் ஏலாது. முகம் எல்லோ."

"பிறகேன் கழட்டினனீங்கள்?"

அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள். கொஞ்ச நேரம் மெத்தைத் துணியை நீவிக்கொண்டிருந்தாள்.

"இயக்கத்துக்குப் போன என்ர தம்பியை நான் முதல் சுவரிலைதான் கண்டனான். சங்கக்கடைக்குப் போட்டுச் சைக்கிளிலை வாறன். உதே சிவப்பு. உதே மாதிரிக் கறுப்பு வெள்ளைப் படம். பசைகூடக் காயேல்லை. வீட்டை சொல்ல ஆள் வாறதுக்கு முந்தி சுவர் சொல்லிப்போட்டுது. அம்மாவுக்கு நான்தான் போய்ச் சொன்னனான்."

நான் குப்புறக் கிடந்த என் முகங்களைப் பார்த்தேன்.

"எங்கட பக்கம் உயிரோடை இருக்கிற ஆளின்ர முகம் அப்பிடிச் சுவரிலை வராது அன்ரி. நீங்கள் எலிவேற்றருக்குப் பக்கத்திலை வாயைத் திறந்துகொண்டு நிக்கிறியள். வேலைக்குப் போகேக்கை ஒவ்வொரு நாளும் உங்களைச் சாக விட்டுட்டுப் போறமாதிரிக் கிடந்துது."

அப்போதுதான் இரண்டாம் மாடி அங்கிள் ஏன் படியால் போனார் என்று விளங்கியது. உடுப்புத் தோய்க்கும் அறையில் ஏன் அந்தப் பெண் என் கையை விடவில்லை என்றும் விளங்கியது. எங்கள் ஊரிலும் சுவரில் ஒட்டியதை நாங்கள் நின்று வாசித்ததில்லை. நடையைக் குறைக்காமல், தலையைத் திருப்பாமல், கடைக்கண்ணால் வாசித்துக்கொண்டு போவோம். நிற்கிறவனை வேறு யாரோ நின்று பார்த்துக்கொண்டிருப்பான். மருமகள் எட்டு வயதில் மட்டக்களப்பை விட்டு வந்தவள், அவளுக்குத் தெரிய நியாயமில்லை. நான் அப்படி எத்தனை சுவரைத் தாண்டி நடந்தவள்! என் முகம் தாம்பாளத்தளவு வந்த பெருமைப் புளுகத்தில் எல்லாம் மறந்து போயிற்று.

ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும்.

"கையெழுத்து வைச்சிட்டீங்களோ?"

"இல்லை." அவள் யன்னலைப் பார்த்தாள். "எங்கை போறது? எத்தினை இடத்திலை இருந்து எழும்பினது. இனி என்னாலை எழும்ப ஏலாது."

"அப்ப சனிக்கிழமை வாங்கோ."

"அந்த முகம் கிடக்கிற இடத்துக்கு நான் வரன் அன்ரி. குறை நினையாதேங்கோ."

"கத்தரிக்கோல் இருக்கோ?"

எதற்கு என்று விளங்கியதும் அவள் பதறிப்போனாள். "முகத்தையோ? ஐயோ, வேண்டாம்."

"நான் என்ர முகத்தை வெட்டுறன். உங்களுக்கென்ன? உங்கட முகத்தையோ வெட்டுறன்?"

அவள் மற்றப் பக்கம் திரும்பி நின்றாள். நான் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஒவ்வொரு போஸ்டரிலிருந்தும் என் தலையை வட்டமாக வெட்டி எடுத்தேன். ஒன்றை மட்டும் வெட்டாமல் சுருட்டி வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் வெட்டினால் மருமகள் என் உண்மையான தலையை எடுத்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை மருமகள் வந்தாள். மேசை முழுக்க ஓட்டை விழுந்த போஸ்டர்கள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாமி! உதென்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?"

"என்னை நீக்கியாச்சு."

"பகிடியே இது? நாளைக்குக் கூட்டம்! முழுக் கொம்பொசிஷனும் அந்த முகத்திலைதான் நிக்குது. கண் இனி எங்கை போறது, ஓட்டைக்குள்ளையோ? திரும்ப அடிக்க நேரமும் இல்லை. அந்த ஆறாம் மாடி மனுசிக்கு நீங்கள் பயந்திட்டியள். ஒருத்தரும் வரமாட்டினம். எல்லாம் முடிஞ்சுது!"

நான் அவளை இருத்தி, சைக்கிளில் வந்த பெண்ணின் கதையைச் சொன்னேன். முடித்ததும் அவள் ஒரு போஸ்டரைத் தன் பக்கம் இழுத்து, சிவப்பின்மேல் கையை வைத்தாள்.

"இந்தச் சிவப்பை நான் எவ்வளவு நேரம் தேடினனான் தெரியுமோ மாமி? சரியான சிவப்பு வேணும் எண்டு."

"சரியான சிவப்புத்தான் பிள்ளை. அதுதான் பிரச்சினை."

அவள் சிவப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் இன்னொரு போஸ்டரைத் தூக்கி, ஓட்டைக்குள் முகத்தை விட்டு, வாயைப் பிளந்தேன். நேற்றிலிருந்து நித்திரை இல்லாததால் உண்மையாகவே கொட்டாவி வந்துவிட்டது. அவள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். பிறகு முடியவில்லை. சிரித்து முடித்ததும் தலையைச் சரித்து, வேலைக் கண்ணால் பார்த்தாள்.

"அசையாதேங்கோ. கோடெல்லாம் உங்கட மூஞ்சைக்குத்தான் ஓடி வருது. முந்தியதைவிட நல்லாக் கிடக்கு."

சனிக்கிழமை காலை, கீழே மிஞ்சியிருந்த முகங்களையும் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைக்குள் தலையை வைத்துக்கொண்டு நான் மாடி மாடியாகப் போனேன். மருமகள் மட்டையில் ஒட்டிப் பின்னால் பிடி வைத்துத் தந்திருந்தாள். கதவைத் தட்டிவிட்டு முகத்தைக் காட்டுவேன். இரண்டாம் மாடி அங்கிள் திறந்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ அன்ரி! உயிரோடைதான் இருக்கிறியளோ?"

"பின்னேரம் வரைக்கும் இருப்பன். கீழை வந்து பாருங்கோ."

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரித்துவிட்டு, குரலைக் குறைத்து, பேர் எழுதுவார்களோ, படம் எடுப்பார்களோ என்று கேட்டார்கள். சில கதவுகளில் பார்க்கும் ஓட்டை இருண்டது, பிறகு கால்கள் விலகிப் போகும் சத்தம் கேட்டது. ஆறாம் மாடியில் தட்டினேன். சத்தமே இல்லை. வேலைக்குப் போயிருக்கலாம் என்றாள் மருமகள். இருக்கலாம்.

பின்னேரம் ஹோலுக்குள் ஆட்கள் வந்தார்கள். முன்வரிசையை விட்டுவிட்டுப் பின்னால் நெருக்கி இருந்தார்கள். மருமகள் மிச்சப் போஸ்டர்களைக் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்திருந்தாள், ஒருவரும் தொடவில்லை. கவுன்சிலர் முன்னால் இருந்தாள். கொம்பனி ஆள் ஒருவனும் வந்து, நீல வானப் படத்தைத் தாங்கியில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றான்.

கவுன்சிலர் நல்ல மாதிரித்தான் கேட்டாள். இங்கேயே இருக்க விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றாள். அந்த நேரம் பார்த்துக் கொம்பனி ஆள் போனை எடுத்துச் சனத்தின் பக்கம் பிடித்தான்.

பாதி தூக்கிய கைகள் தலைமுடியைக் கோதின. மூக்கைச் சொறிந்தன. நான் என் கையை உயர்த்தினேன். பிலிப்பினோப் பெண்களும் உயர்த்தினார்கள். கயானாக்காரர் இந்த முறை விழித்திருந்தார், அவரும் உயர்த்தினார். எங்கள் சனம் எல்லாம் நிலத்தைப் பார்த்தது. மருமகள் யூனியன்வில்காரி, அவளால் உயர்த்த முடியாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல் எலும்புக்குள் போனது. கவுன்சிலர் சனத்தைப் பார்த்தாள், தன் மணிக்கூட்டைப் பார்த்தாள். நான் யூனியன்வில்லில் என் அறையின் யன்னல் எந்தப் பக்கம் பார்க்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

கதவு திறந்தது. ஆறாம் மாடிக்காரி. பேக்கரி உடுப்போடு, தலையில் வலை, கையில் ஒட்டிய கோதுமை மா. கதவடியிலேயே நின்று, நிலத்தைப் பார்க்கும் தலைகளையும் போன் பிடிக்கும் ஆளையும் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டி இருக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த போஸ்டர் ஒன்றை எடுத்தாள். ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். முகத்தை வைக்கவில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்தினாள். ஓட்டைக்குள்ளால் ஹோலின் வெளிச்சம் தெரிந்தது. தன் முகத்தை மறைக்காமல், போனை நேரே பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"நான் போகமாட்டன்."

போஸ்டரில் 'போகமாட்டோம்' என்று இருந்தது. அவள் தன்னை மட்டும் சொன்னாள். மருமகள் அதை இங்கிலீசில் கவுன்சிலருக்குச் சொன்னாள். இரண்டாம் மாடி அங்கிள் எழும்பினார். "நானும் போகேல்லை," என்றார், யாரோ சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல. பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம்தான். கை உயர்த்துவதைவிட எழும்பி நிற்பது எங்கள் சனத்துக்குச் சுகம் போலிருக்கிறது. கொம்பனி ஆள் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

கவுன்சிலர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், நகரசபையில் பேசினாள். பனி உருகி முடிந்த பிறகு கொம்பனியிடமிருந்து தகவல் வந்தது. இடிக்கும் திட்டத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறார்களாம். எலிவேற்றரைத் திருத்துவார்களாம். அந்த 'இப்போதைக்கு' எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் லொறிச் சத்தம் கேட்டால் இன்னும் பல்கனிக்கு ஓடுகிறேன். மருமகள் 'எங்களோடை வந்து இருங்கோ' என்று திரும்பவும் கிழமைக்கு ஒருமுறை தாராளமாகக் கூப்பிடுகிறாள்.

போன கிழமை உடுப்புத் தோய்த்துவிட்டு ஆறாம் மாடிக்காரி என் வீட்டுக்கு வந்தாள். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, அலுமாரிக்குள் இருந்து அந்த ஒரு சுருளை எடுத்தேன். அவள் முகம் மாறியது.

"பயப்படாதேங்கோ. இது இப்ப ஒட்ட இல்லை. நான் போன பிறகு நீங்கள்தான் ஒட்டவேணும். எலிவேற்றருக்குப் பக்கத்திலை."

"சும்மா இருங்கோ அன்ரி. வாயைக் கழுவுங்கோ."

"நல்ல படம். வீணாக்கக்கூடாது. ஆனா ஒண்டு, ஒட்டுறதுக்கு அந்தச் சுவர் நிக்கவேணும். இவங்கள் இடிச்சாங்கள் எண்டால் எனக்குச் சாகவும் ஏலாது."

அவள் ரீயை ஒரு மிடறு குடித்தாள். சுருளைப் பார்த்தாள். சத்தமில்லாத அந்தச் சிரிப்பு வந்தது.

"பசையை நான் காய்ச்சுறன்," என்றாள்.